பெயரை அடித்த பின்னும் தெரியும் ஆள்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தை அண்டிய போட்டோக்கொப்பிக் கடைகளில், யாரோ மறந்து விட்டுப்போன அடையாள அட்டைப் பிரதி இயந்திரக் கண்ணாடியின் மேல் கிடப்பது புதினமான காட்சியன்று. எடுத்துப் பார்ப்பவர் பெயரையும் படத்தையும்தான் பார்ப்பார். இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதிலும் செய்தி உண்டு.

2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கின்றன. பெண்ணாயின் நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். 1997564 என்று தொடங்கும் இலக்கத்தை எடுத்துக்கொள்வோம் (மிகுதி ஐந்தையும் எழுதினால் அது உண்மையில் ஒருவருடையதாக இருந்துவிடலாம் என்பதால் விடுகிறேன்). 500ஐக் கழித்தால் 64. நாட்காட்டிப்படி 1997இன் 64ஆம் நாள் மார்ச் 5. ஆனால் அட்டைக் கணக்கு எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாள் கொடுப்பதால், இவர் மார்ச் 4இல் பிறந்த பெண்.

இனி, வீட்டுத்திட்டப் பயனாளிகளின் பட்டியலை ஒருவர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேவையின்றி ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடும் தகவலை மறுக்க அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு இடமளிப்பதால், அலுவலர் பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, கிராம அலுவலர் பிரிவையும் அட்டை இலக்கத்தையும் அப்படியே விட்டுவிடுகிறார். யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன; ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்களைப் பகிர்ந்தால் ஒரு பிரிவுக்குச் சராசரியாக 1,400 பேர்கூட வரமாட்டார்கள். 80 ஆண்டுகளின் பிறந்த நாட்களை ஆண், பெண் எனப் பிரித்தால் 58,000க்கும் மேற்பட்ட பெட்டிகள் கிடைக்கும். அத்தனை பெட்டிகளில் 1,400 பேரைப் போட்டால், பெரும்பாலானோர் தனித்தனிப் பெட்டியில்தான் இருப்பார்கள். அஞ்சற் குறியீடு, பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்துக் காட்டப் போதும் என்று அமெரிக்கக் கணினியியல் ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 2000இல் கணித்ததும் இதே கணக்கை வைத்துத்தான்.

இலக்கத்தை ஹாஷ் முறையால் (ஒரே இலக்கத்துக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும் கணிதச் செய்முறை) புரியாத எழுத்துக்கோவையாக மாற்றினாலும் ஆள் மறைவதில்லை. ஹாஷைப் பின்னோக்கித் திருப்ப முடியாது என்பது உண்மையே. ஆனால் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. 100 ஆண்டுகள், ஆணுக்கும் பெண்ணுக்கும் 366 வீதம் 732 நாளெண்கள், அடுத்த நான்கு இலக்கங்களில் வரக்கூடிய 10,000 தொடரெண்கள் என்று பெருக்கினால் மொத்தம் 73 கோடியே 20 இலட்சம்தான். இறுதிச் சரிபார்ப்பு இலக்கம் மற்றவற்றிலிருந்தே கணிக்கப்படுகிறது. அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண மடிக்கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். அலுவலகத்துக்கு வெளியே போகாத ஓர் இரகசியத் திறவுகோலைச் சேர்த்து ஹாஷ் செய்தாலோ, பயனாளிக்குத் தொடர்பற்ற ஓர் எழுந்தமான எண்ணைக் கொடுத்தாலோதான் இந்த வழி அடைபடும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நேரடியாக மட்டுமன்றி மறைமுகமாக ஒருவரை இனங்காட்டும் தகவலையும் தனிப்பட்ட தரவு என்றே கொள்கிறது. அடையாள இலக்கத்தை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆகவே பெயர் மட்டும் அடிக்கப்பட்ட அந்தப் பட்டியல் இன்னும் தனிப்பட்ட தரவுதான். யாருக்கு வீடு போனது என்பதை அறிவதில் பொதுமக்களின் நலன் மேலோங்கி நிற்குமாயின் பெயரையே வெளியிடத் தகவல் உரிமைச் சட்டம் வழிவிடுகிறது; அப்போதும் அவர் எந்த மார்ச் மாதத்தில் பிறந்தார் என்பது கேட்டவருக்குத் தேவைப்படாது.