மனவடுவை ‘அதிர்ச்சி’ ஆக்காதீர்கள்

போன மாதம் திருகோணமலையில் ஒரு கிளினிக் வாசலில், பக்கத்து வீட்டு அக்காவோடு காத்திருந்தேன். அவரின் மகனுக்குப் பல வருடமாக மனச்சிதைவு நோய். கொடுத்த துண்டுத்தாளில் ‘அதிர்ச்சி மையச் சிகிச்சை’ என்று அச்சடித்திருந்தது. அக்கா இரண்டு தரம் வாசித்துவிட்டு மெல்லக் கேட்டார்: “தம்பி, திரும்பவும் கரண்ட் பிடிக்கப் போறாங்களோ?”

ஆங்கிலத்தில் ‘ட்ரோமா ஃபோகஸ்ட் தெரபி’ என்பதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள். ‘ட்ரோமா’ கிரேக்கச் சொல், பொருள் காயம். முதலில் உடற்காயம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனக்காயமும் சேர்ந்தது. அவ்வளவுதான், அதில் அதிர்ச்சி எங்கே இருக்கிறது?

அதிர்ச்சி என்பது ஷாக். சத்தம் கேட்ட கணத்தில் உடம்பு தூக்கிப் போடும், பிறகு அடங்கும். சுனாமி வந்தது 2004இல். இன்றும் கடல் இரைந்தால் வாசற்கதவைப் பூட்டாமல் படுப்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், அதையும் அதிர்ச்சி என்பதா? ‘பேரதிர்ச்சி’ என்று ஊதிப் பெருப்பித்தாலும் பிழை பிழைதான். அதோடு மின்னதிர்ச்சிச் சிகிச்சை என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது, தேவையானவர்களுக்கு அது பலனும் தருகிறது, இரண்டையும் ஏன் குழப்ப வேண்டும்?

வடக்குக் கிழக்கில் போர்க்காலத்திலேயே மனநல மருத்துவர்கள் புழங்கிய சொல் மனவடு. ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’ என்ற குறளில் ஆறாதது வடுதானே, ஆறாததற்கு என்ன சிகிச்சை என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் இந்தச் சிகிச்சை நடந்ததை அழிப்பதில்லை. நினைவு இருக்கும், தொட்டால் முன்போல் வலிக்காது. வடுவும் அப்படித்தானே?

இல்லாத குரல்கள் காதில் கேட்கும் நோயாளிகளிடம் பழையதைக் கிளறினால் நோய் முற்றிவிடும் என்று நெடுநாள் பயந்தார்கள். 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மனவடுவோடு உளப்பிணியும் (மனச்சிதைவு போன்ற நோய்) உள்ள 155 பேர் சேர்க்கப்பட்டார்கள். எட்டு அமர்வுகளில் மனவடுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மனவடுவின் பாதிப்பு நன்றாகக் குறைந்தது, பயந்ததுபோல் நோய் முற்றவில்லை. இப்படி ஒரு வழி இருக்கும்போது, ஏற்கெனவே எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கும் ஒருவரின் கையில் ‘அதிர்ச்சி’ என்று எழுதிய தாளைக் கொடுத்தால் அவர் வருவாரா? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு, ஒரு தாய்க்கு ஒருமுறை வாசித்துக் காட்டியிருந்தாலே போதும். ‘மைய’ என்ற ஒட்டும் தேவையில்லை, ‘மனவடுவுக்கான’ என்றால் முடிந்தது.

தாளின் பின்பக்கத்தில் ‘மனவடுவுக்கான சிகிச்சை’ என்று எழுதிக் கொடுத்து, என்ன செய்வார்கள் என்றும் சொன்னேன்.

“அப்ப இருந்து கதைக்கிறதுதானே?” என்றார் அக்கா.

“ஓம் அக்கா.”

தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.