ஒரே அச்சுல பொறந்த குதிரை, ஆளுக்கொரு வண்ணம்

போன டிசம்பர் லீவுல அக்கா மக ஒரு சின்ன குதிரைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்து கேட்டா, "மாமா, கையால பெயின்ட் பண்ணதுன்னு சொல்றாங்க, அப்புறம் எப்படி பெட்டியில இருக்கிற படத்துக்கும் இதுக்கும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்ல?" கனடாவுல இருக்கிற சொந்தக்காரங்க கொண்டுவந்து குடுத்த பொம்மை அது. ஒரு சாண் உயரம்தான், ஆனா உடம்பு பூரா மேகம், மின்னல், பறவை, கண்ணச் சுத்தி ஒரு செவப்பு வட்டம். நல்ல கேள்வி, நானும் ரெசின் (அச்சுல ஊத்தினா கெட்டியாகிற பிசின்) வேலைய கொஞ்சம் பழகிப் பாத்தவன்ங்கிறதால எழுதணும்னு தோணிச்சு.

இந்த வகைக் குதிரைகள்ல ரொம்ப பேர் பெத்தது டிரெய்ல் ஆஃப் பெயின்டட் போனீஸ்ங்கிற பொம்மை வரிசை. 1998ல சூரிச்லயும் 1999ல சிகாகோவுலயும் மாட்டு உருவங்கள ஓவியர்கள்கிட்ட குடுத்து வரைய வச்சு தெருவுல நிப்பாட்டினாங்க, அதப் பாத்து 2001ல அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல மாட்டுக்குப் பதிலா நிஜக் குதிரை அளவு உருவங்கள ஓவியர்கள் கையில குடுத்தாங்க. அதோட சின்ன வடிவம்தான் அப்புறம் ஆளுங்க சேகரிக்கிற பொம்மையா வந்திச்சு.

சரி, எப்படி ஒரே மாதிரி வருது? மொதல்ல சிற்பி களிமண்ணுல ஒரே ஒரு குதிரை செய்வாரு. அதுமேல சிலிக்கோன் ரப்பர பூசி அச்சு எடுப்பாங்க, ரப்பர் தொளதொளன்னு இருக்கும்ங்கிறதால வெளிய ஒரு கெட்டியான கூடு போடுவாங்க. ஏன் ரப்பர்னா, குதிரைக்கு வயித்துக்குக் கீழ பள்ளம், கால் நடுவுல இடைவெளி, காதுக்குப் பின்னாடி மடிப்பு, கெட்டி அச்சா இருந்தா உள்ள மாட்டிக்கிட்டு வரவே வராது, ரப்பர்னா நனைஞ்ச சாக்ஸ கழட்டுற மாதிரி உரிச்சு எடுத்துடலாம். சிலிக்கோன் பெருவிரல் ரேகையக்கூட பிடிச்சு வச்சுக்கும். சிற்பியோட ஊசி இழுத்த பிடரி மயிர் கோடெல்லாம் ஒவ்வொரு குதிரையிலயும் அப்படியே இருக்கிறது இதனாலதான்.

உள்ள ஊத்துறது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்தது. ரெசின் நீளநீளமான மூலக்கூறு, அதுல ஸ்டைரீன்ங்கிற திரவம் கலந்திருக்கும், கெட்டியாக வைக்கிற பெராக்சைட் கொஞ்சம் விட்டதும் ஸ்டைரீன் அந்தச் சங்கிலிகள ஒன்னோட ஒன்னா தச்சு வலை மாதிரி ஆக்கிடும், அப்புறம் என்ன சூடு பண்ணாலும் திரும்ப உருகாது. தச்சுக்கிட்டே வரும்போது சூடும் வரும், அளவும் சுருங்கும். பொடி இல்லாத ரெசின் அஞ்சுலேர்ந்து எட்டு சதவீதம்கூட சுருங்கும், கல் பொடி சூட்டயும் உறிஞ்சிக்கும், சுருக்கத்தையும் குறைக்கும், கையில எடுத்தா கனமா கல்லு மாதிரியும் இருக்கும்.

இங்க இலங்கையில நம்ம மலையகத்துக் குளிர் வந்து குறுக்க நிக்கும். நானுஓயாவுல ஜனவரி மாசம் சாயந்தரம் ஊத்திப் பாத்தேன், ரெண்டு நாளாகியும் மேல்பக்கம் பிசுபிசுன்னே இருந்திச்சு. குளிருல அந்தத் தையல் வேல ரொம்ப மெதுவா நடக்கும், மேல படுற காத்துல இருக்கிற ஆக்ஸிஜனும் அத தடுக்கும். பெராக்சைட கூட்டி ஊத்தினா வெடிப்புதான் மிஞ்சும். பெராக்சைட் சேக்கிறதுக்கு முன்னாடி ரெசின் டப்பாவ மூடினபடி வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில நிப்பாட்டி, மத்தியானம் தகரக் கூரை சூடேறின நேரமாப் பாத்து ஜன்னல தொறந்து வச்சு ஊத்தினதும் சரியா வந்திச்சு. அடுப்படிப் பக்கம் மட்டும் கொண்டு போகவே கூடாது, ஸ்டைரீன் ஆவி தீப்பிடிக்கும்.

அச்சிலேர்ந்து எடுத்த குதிரை வயித்துல ஒரு கோடு இருக்கும், ரெண்டு பாதி அச்சும் சேர்ற இடம். அத அரத்தால தேய்ச்சு, பெயின்ட் ஒட்டுறதுக்கு ப்ரைமர் அடிச்சு, ஓவியரோட மாதிரிய பாத்து ஆளுங்க ஒவ்வொன்னா பெயின்ட் பண்ணுவாங்க. அக்கா மகளோட குதிரைய டார்ச் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தோம், வால் பக்கத்துல ஒரு எடத்துல ப்ரஷ் மயிரோட தடம் தெரிஞ்சிச்சு. "அப்போ இது மட்டும் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு"ன்னு அவ சொன்னா, அது சரிதான்.

ரெண்டு பின்னங்கால்ல எழும்பி நிக்கிற குதிரை எப்படி விழாம இருக்குன்னும் கேட்டா. நிஜக் குதிரையோட பத்துல ஒரு பங்கு உயரம்னா கனம் ஆயிரத்துல ஒரு பங்காயிடும், காலோட குறுக்குப் பரப்பு நூறுல ஒரு பங்காதான் குறையும், அதனால சின்னதுக்கு காலுல வர்ற அழுத்தம் பத்துல ஒன்னுதான். பெரிசாக்கினா கதையே வேற. மாட்ரிட்ல நாலாம் பிலிப் ராஜாவோட வெண்கலக் குதிரை, பியெத்ரோ தாக்கா செஞ்சு 1640ல முடிச்சது, பின்பக்கம் கெட்டியாவும் முன்பக்கம் உள்ளீடில்லாமலும் வார்த்து, வாலையும் ஒரு காலா ஊனித்தான் நிக்குது.

வண்ணத்துக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கண்ணச் சுத்தின வட்டம் சும்மா அழகுக்கு இல்ல. வட அமெரிக்க சமவெளி ஆதிக்குடிகள் சண்டைக்குப் போற குதிரைக்கு நிஜமாவே பெயின்ட் பூசுவாங்க, கண்ண சுத்தி வட்டம் பார்வை கூர்மையா இருக்க, மின்னல் கோடு வேகத்துக்கு. குதிரைய அங்க கொண்டு வந்தது ஸ்பானியர், 1680ல நியூ மெக்சிகோவுல புவெப்லோங்கிற ஆதிக்குடி மக்கள் கிளர்ந்து அவங்கள விரட்டினப்புறம் குதிரை இன்னும் நெறைய பரவிச்சு. அந்த மண்ணுல பெயின்டட் போனீஸ் பொறந்ததுல ஒரு பொருத்தம் இருக்கு.

நமக்கும் இது புதுசில்ல. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்கு வேளார்னு சொல்ற குயவங்க செய்ற மண் குதிரைய புரவியெடுப்புத் திருவிழாவுல தூக்கிட்டுப் போவாங்க, மலையகத் தமிழரான நம்ம மூதாதையர்ல நெறைய பேர் வந்ததும் அந்தப் பக்கத்திலேர்ந்துதான். அந்தக் குதிரை உள்ள வெத்தா இருக்கும், காலு குழாய் மாதிரி. கெட்டியா செஞ்சா சூளையில உள்ள மாட்டின ஈரம் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல பெருகி வெடிச்சிடும். சுட்டப்புறம் சுண்ணாம்பு, அதுமேல மணி மாலை சலங்கையெல்லாம் வண்ணத்துல.

நுவரெலியா கிரெகரி வாவி பக்கம் சவாரிக்கு நிக்கிற வெள்ளைக் குதிரைய அடுத்த தடவ கிட்டப் போய் பாருங்க. மயிரு வெள்ளை, மூக்குலயும் கண்ணோரத்துலயும் தோல் கறுப்பு. பெரும்பாலானது பொறக்கும்போது கறுப்பு இல்லன்னா பழுப்பு, ஒரு மரபணு மாத்தத்தால மயிர்க்காலுல நிறம் குடுக்கிற செல் சீக்கிரமே தீர்ந்துபோய் வருஷா வருஷம் வெளுக்குது. நல்ல ஓவியர் வெள்ளைக் குதிரை வரையும்போது மூக்கு நுனியில அந்தக் கறுப்ப அப்படியே வச்சிருப்பாரு, பொம்மைக்கு உசிரு வர்றது அங்கதான்.

உருவத்தோட ஓடாத வண்ணம் ஒட்டின ஸ்டிக்கர் மாதிரிதான் தெரியும். நான் ஊத்தின வெள்ளைக் குதிரைய அக்கா மககிட்ட குடுத்தேன், தேயில மலை வரையப் போறேன்னா. மொதல்ல நேர் நேரா கோடு போட்டா, ஒட்டவே இல்ல. அப்புறம் எங்க லயத்துக்கு எதுத்தாப்புல இருக்கிற மலைய கொஞ்ச நேரம் பாத்துட்டு, தேயில நிரை மலையோட வளைஞ்சு போற மாதிரியே வயித்தோட வளைவுல பச்சைக் கோடு இழுத்தா. இப்போ வயிறும் தொடையும் முடிஞ்சிருக்கு, கழுத்துக்கு மிஸ்ட் வரையணுமாம், ஆனா ரெண்டு நாளா வெளிய நெசமான மிஸ்ட், பச்சை இன்னும் காயல.