சல்லிவன்கள் எல்லாரும் பங்காளிகளா?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் கம்பெனியின் அமெரிக்கக் கிளையில் இரண்டு சல்லிவன்கள் இருக்கிறார்கள். இருவருமே ஐரிஷ் வம்சாவளி. சொந்தக்காரர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஒரே குடும்பப்பெயர் என்றால் எங்கோ ஒரு முப்பாட்டனில் போய்ச் சேரத்தானே வேண்டும்?"

நல்ல கேள்வி. அதிலும் சல்லிவன் என்று கேட்டது நல்லதாகப் போயிற்று. இந்தப் பெயரை டி.என்.ஏ. வைத்தே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பரம்பரையாகத் தொடரும் குடும்பப்பெயர் உலகிலேயே மிகப் பழங்காலத்தில் நிலைபெற்ற நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. 'மாக்' என்றால் மகன், 'ஓ' என்றால் பேரன். ஆரம்பத்தில் இது நம் இனிஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டுதான் இருந்தது. ஏறத்தாழ 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் அப்படியே உறைந்துவிட்டது. மன்னர் பிரையன் போரு சட்டம் போட்டு இதைக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆதாரம் இல்லை. எப்படியோ, சூலவான் என்ற ஒருவரின் பேரன்மார் 'ஓ சூலவான்' ஆனார்கள். ஆங்கிலேயர் வாயில் அது ஓ சல்லிவன் ஆயிற்று. 1890-இல் ராபர்ட் மாத்சன் என்ற அரசு அதிகாரி பிறப்புப் பதிவேடுகளை வைத்துப் போட்ட கணக்கின்படி, அயர்லாந்தில் மர்ஃபி, கெல்லிக்கு அடுத்து மூன்றாவது இடம் சல்லிவனுக்கு. சுமார் 43,600 பேர்.

இத்தனை பேரும் ஒரு கிழவனின் வாரிசுகளா? காகிதத்தில் தேடினால் விடை கிடைக்காது. 1922-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கேடுகளில் பெரும்பகுதி அதில் சாம்பல். பிற்பாதியின் ஏடுகளை அரசாங்கமே அழித்துவிட்டிருந்தது, அதிலும் சிலவற்றைக் காகிதக் கூழாக்க அனுப்பியது! அந்த நாட்டில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் ஒய் குரோமோசோமை இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். மற்ற குரோமோசோம்கள் ஜோடியோடு துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். இது இரு முனைகள் தவிர மற்ற இடங்களில் எதையும் பரிமாறாமல் அப்படியே போகும். குடும்பப்பெயரும் அதே வழியில்தான் போகிறது. ஆக, பங்காளி உறவைப் பார்க்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு சிக்கல், அது அச்சு அசலாக அப்படியே போனால் எல்லா ஆண்களுக்கும் ஒரே ஒய் இருக்கும், யாரையும் பிரித்தறிய முடியாது. நல்லவேளையாக அது அவ்வப்போது தவறு செய்கிறது. அந்தத் தவறு நடக்கும் விதம்தான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம்.

டி.என்.ஏ. இழையில் வரிசையாக அமைந்த வேதிப்பொருள்களை ஏ, சி, ஜி, டி என்று எழுத்துகளாகக் குறிப்பார்கள். ஒய் குரோமோசோமில் சில இடங்களில் இப்படி நான்கு எழுத்துக் கொண்ட ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ, ஜி-ஏ-டி-ஏ என்று இருபது, இருபத்தைந்து தடவை. செல் பிரியும்போது இழை பிரிந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் இணை எழுத்தைச் சேர்த்துப் புது இழை உருவாகிறது. சாதாரணமான இடத்தில் இதில் குழப்பத்துக்கு வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு இடத்தின் எழுத்து வரிசையும் தனித்துவமானது. இந்தத் திரும்பத் திரும்ப வரும் பகுதியில் மட்டும் எல்லா இடமும் ஒரே மாதிரி. நகலெடுப்பு நடுவில் புது இழையின் நுனி ஒரு கணம் விலகி மறுபடி ஒட்டும்போது, சட்டைப் பொத்தானை அவசரத்தில் ஒரு துளை தள்ளிப் போடுவதைப் போல, ஒரு ஜி-ஏ-டி-ஏ தள்ளி ஒட்டிவிடும். எழுத்துக்கு எழுத்து சரியாகப் பொருந்துவதால் நகலெடுக்கும் நொதிக்குச் சந்தேகமே வராது. ஒட்டாமல் போன நான்கு எழுத்துகள் பக்கவாட்டில் ஒரு சின்ன வளையமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பழுதுபார்க்கும் புரதங்கள் பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். அவை கோட்டைவிட்டால், வளையம் புது இழையில் இருந்தால் 24 தடவை என்பது 25 ஆகும், பழைய இழையில் இருந்தால் 23 ஆகும். விந்தணுவை உண்டாக்கும் செல்வரிசையில் இது நடந்தால் மகனுக்கும் போகும், பிறகு அவன் வம்சம் முழுக்கப் போகும்.

இந்தச் சறுக்கல் எத்தனை தடவைக்கு ஒன்று? அப்பா-மகன் ஜோடிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஓர் இடத்தில் ஒரு தலைமுறைக்கு ஆயிரத்தில் இரண்டு, மூன்று தடவை. ஏறக்குறைய 400 நகலுக்கு ஒரு தவறு என்று வைத்துக்கொள்வோம். 17 இடங்களைச் சோதிக்கிறோம். ஆயிரம் ஆண்டு என்றால், தலைமுறைக்கு 30 ஆண்டு வீதம் 33 தலைமுறை. 17 பெருக்கல் 33, மொத்தம் 561 நகல்கள். அதாவது ஆயிரம் ஆண்டில் ஒரு வம்சக்கிளையில் ஒன்று அல்லது இரண்டு எண்கள்தான் மாறியிருக்கும். ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகளை ஒப்பிட்டால் மூன்று வித்தியாசம் இருக்கலாம். அதுவே பத்து வித்தியாசம் இருந்தால், குடும்பப்பெயர் பிறந்த காலத்தில் அவர்களுக்குப் பொதுவான தந்தைவழிப் பாட்டன் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பிரையன் மெக்எவாயும் டேனியல் பிராட்லியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. 43 குடும்பப்பெயர்கள், 1,125 ஆண்கள், ஆளுக்கு 17 இடங்கள். ஒவ்வொரு பெயரையும் தனித்தனி வரைபடமாகப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எண்வரிசை உள்ளவர்கள் ஒரு வட்டத்தில், ஓர் எண் மாறியவர்கள் அதை ஒட்டிய அடுத்த வட்டத்தில். பெயரைத் தொடங்கியவர் ஒருவர்தான் என்றால் நடுவில் ஒரு பெரிய வட்டமும் சுற்றிலும் குட்டி வட்டங்களுமாக நட்சத்திரம் போல வரும். பலர் என்றால் வட்டங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சிதறிக் கிடக்கும். ஓ சல்லிவனும் ரயனும் முதல் ரகம், ஒரு முக்கிய மூதாதை தெரிகிறார். மர்ஃபியும் கெல்லியும் இரண்டாம் ரகம். நாட்டில் வெவ்வேறு மூலைகளில் ஒரே பெயர் தனித்தனியாக முளைத்திருக்கிறது. அவை எண்ணிக்கையில் முதலிரண்டு இடங்களைப் பிடித்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே வாசகரின் அலுவலக நண்பர்கள் பங்காளிகளாக இருக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சராசரியாக ஐரிஷ் ஆண் ஒருவரின் 17 எண்களும் அப்படியே ஒத்துப்போகும் வாய்ப்பு, அதே பெயர் உள்ளவரோடு 30 மடங்கு அதிகம். ஆனால் நிச்சயம் என்று சொல்ல முடியாது. சோதித்த 43 பெயர்களில் எதிலுமே, பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே மூதாதையின் நேர் ஆண்வழி வாரிசுகளாக இல்லை. தத்தெடுத்த பிள்ளை, அம்மாவின் பெயரைச் சூட்டிக்கொண்ட பிள்ளை, தலைவனை அண்டிப் பிழைத்து அவன் பெயரையே வைத்துக்கொண்ட குடியானவன், அப்புறம் வெளியே சொல்லாத விஷயங்கள். தலைமுறைக்கு 100-இல் 2 பேர் மட்டும் இப்படி உள்ளே வந்தார்கள் என்று வைத்துக்கொண்டு 0.98-ஐ 33 தடவை பெருக்கிப் பாருங்கள். 0.51 வரும். அவ்வளவுதான், பாதி காலி! ரத்தம், குலம், கலப்பே இல்லாத பரம்பரை என்று மார்தட்டுகிற யாருக்கும் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டலாம். டப்ளின் கடைகளில் 'உங்கள் குடும்பச் சின்னம்' பொறித்த கோப்பை விற்கிறார்கள். மரபுப்படி அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெயருக்கு உரியதல்ல. கோப்பையில் டீ குடிக்கலாம், தப்பில்லை.

சரி, அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்கள்? சல்லிவன்களின் பழைய ஊர் டிப்பரரி மாவட்டத்தில் கேஹிர் அருகே உள்ள நாக்கிராஃபன். 1192-இல் நார்மானியர்கள் அங்கே மண்மேட்டுக் கோட்டை எழுப்பிய காலத்தில் இவர்கள் தென்மேற்கே கெரி, கார்க் கடலோரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். பேரா தீபகற்பத்தை ஆண்ட கிளையின் தலைவர் டோனல் காம். அவருடைய டன்பாய் கோட்டை 1602 ஜூனில் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று கிளெங்காரிஃபிலிருந்து சுமார் ஆயிரம் பேருடன் வடக்கே நடக்கத் தொடங்கினார். நடுக்குளிர், வழியெல்லாம் தாக்குதல், 400 கிலோமீட்டர். இரண்டு வாரம் கழித்து லீட்ரிம் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர். பின்னர் அவர் ஸ்பெயினுக்குப் போய், 1618-இல் மாட்ரிட்டில் கொலையுண்டார். ஆனால் சாதாரணச் சல்லிவன்கள் எங்கும் போகவில்லை. பேராவிலேயே ஆடு மேய்த்தும் மீன் பிடித்தும் பெருகினார்கள். எந்தச் சல்லிவன் என்று தெரிய வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் தேவைப்படும் அளவுக்குப் பெருகினார்கள்.

1812 வாக்கில் பேராவின் அலிஹீஸ் கிராமத்தில் செப்புச் சுரங்கம் தோண்டினார்கள். 1840-களின் பஞ்சம் வந்துபோனது. 1880-களில் சுரங்கமும் நொடித்தது. அதே சமயம் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் பியூட் என்ற ஊரில் பூமிக்கடியில் செம்பு கொட்டிக் கிடந்தது, செம்பு வெட்டத் தெரிந்த கைகள் பேராவில் சும்மா இருந்தன. பக்கத்துக் கிராமமான ஐரீஸ் திருச்சபைப் பங்கிலிருந்து 1870-க்கும் 1915-க்கும் இடையே வெளியேறிய 1,700 பேரில் 1,138 பேர் போய்ச் சேர்ந்தது பியூட்டில். போனவர்களில் பலர் ஆங்கிலேயர் காலத்தில் உதிர்ந்துபோன 'ஓ' இல்லாமல் வெறும் சல்லிவனாகவே போனார்கள். தேசிய உணர்வு எழுந்தபோது ஊரில் இருந்தவர்கள் 'ஓ'வைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள்.

17 எண்களை வைத்துக்கொண்டு பியூட் சல்லிவனைப் பேராவின் குறிப்பிட்ட ஒரு வீட்டோடு சேர்க்க முடியாது. அந்த முக்கிய மூதாதையின் வாரிசுகள் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். இப்போது ஒய் குரோமோசோமின் பெரும்பகுதியையே எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். ஓர் எழுத்து மாறினால் அது அநேகமாகத் திரும்ப மாறாது. இப்படி ஏறக்குறைய மூன்று தலைமுறைக்கு ஓர் எழுத்து மாறுகிறது. கிளைகளைப் பிரிக்க இது போதும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பேராவில் இருப்பவர்களின் டி.என்.ஏ.வும் வேண்டுமே, இந்தச் சோதனைக்குக் காசு கட்டுகிறவர்களோ பெரும்பாலும் அமெரிக்கர்கள். பேராவிலேயே இருக்கும் சல்லிவனுக்குத் தன் தாத்தா எந்த வீடு என்று தெரியும், அவர் எதற்குச் செலவழிக்கப் போகிறார்? தனியார் கம்பெனிகள் இதைச் செய்யப்போவதில்லை. 1922-இல் எரிந்த காப்பகத்தை மின்வடிவில் மீட்டெடுக்க ஐரிஷ் அரசு பணம் கொடுத்து, அது 2022-இல் இணையத்தில் திறக்கப்பட்டது. அதில் சிறு பங்கு கொடுத்தாலே பேராவின் ஒவ்வொரு பட்டப்பெயர் வீட்டிலிருந்தும் ஓர் ஆணின் கன்னத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துவிடலாம்.