கருப்பாக இருப்பதெல்லாம் சத்து அல்ல

இறக்குமதியாகும் பீர் புட்டிகளைத் திறந்து, முகர்ந்து, சுவைத்து, விற்பனைக்குத் தேறுமா என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சென்ற மாதம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தெரிந்தவர் கடையில் நின்றிருந்தேன். ஓர் இளைஞர் ஸ்டவுட் என்னும் கருப்பு பீர் கேட்டு வந்தார். மனைவிக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறதாம்.

"பிள்ளை பெற்ற உடம்புக்குக் கருப்பு பீர் நல்லது, இரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்று அத்தை சொன்னார், அண்ணே" என்றார்.

அத்தையின் அக்கறை உண்மையானது. ஆனால் அந்தக் கருப்பு, முளைகட்டாத பார்லியைக் காப்பிக்கொட்டை போல வறுப்பதால் வரும் நிறம், அவ்வளவுதான். ஒரு கிளாசில் உள்ள இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. மதுவோ தாய்ப்பாலில் கலக்கிறது. பால் இறங்குவதையும் தடுக்கிறது. 'உடம்புக்கு நல்லது' என்று கின்னஸ் 1929இல் விளம்பரம் செய்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த நிறுவனமே அப்படிச் சொல்வதில்லை.

நிறத்தை வைத்துப் போதையையும் அளக்க முடியாது. அயர்லாந்துப் பாணி டிரை ஸ்டவுட்டில் 4.2 விழுக்காடு மது கொண்டவையும் உண்டு. இங்கே பரவலாக விற்கும் ஏபிசி எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டில் 8 விழுக்காடு. கிளாசில் ஊற்றினால் இரண்டும் ஒரே கருப்பு. 325 மில்லிலிட்டரில் முன்னதில் ஏறக்குறைய 11 கிராம் மது, பின்னதில் 20 கிராமுக்கு மேல். வண்டி ஓட்டுபவர் லேபிளைப் படிக்காமல் வாயில் வைக்கக் கூடாது.

"அப்படியானால் இதை எதற்குத்தான் குடிக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். சுவைக்காக என்றேன். அந்தச் சுவையைத்தான் நம் ஊரில் பலர் ஐஸ் கட்டியைப் போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். கடுங்குளிரில் மணம் எழாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடமாவது வெளியே வைத்து, கிளாசைச் சாய்த்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி நுரை கட்ட விடுவேன். விளக்குக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும். முதலில் மூக்கு: வறுத்த காப்பி, கொஞ்சம் கருப்புச் சாக்லேட். பிறகு ஒரு வாய். வறுவலின் கசப்பும், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்னும் பூவின் கசப்பும் சேர்ந்து வந்து, நாக்கில் இனிப்பு ஒட்டாமல் வறண்டு முடிய வேண்டும். 'டிரை' என்பது அதைத்தான் சொல்கிறது. இனிப்பு தங்கினால் அது வேறு வகை ஸ்டவுட், குறை அல்ல.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால்தான் குறை. புட்டிக்குள் சிக்கிய காற்று பீரைக் கெடுத்திருக்கிறது என்று பொருள்; நம் ஊர் வெக்கை அதை விரைவுபடுத்தும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து வேறொரு நாற்றம் பிறக்கும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு காக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகக் காக்காது.

அந்தக் கடையிலும் இரண்டு பெட்டிகள் வாசலோர வெயிலில் இருந்தன. இளைஞர் புட்டியைத் திருப்பித் தந்துவிட்டுக் கிளம்பியதும், கடைக்காரரும் நானுமாக அவற்றை உள்ளே நகர்த்தினோம்.