எஞ்சினின் பலம் காற்றில் இருக்கிறது

கார் எஞ்சினை அதிகத் திறன் தரவைப்பது என்றால் அதற்குக் கூடுதல் பெட்ரோலை ஊட்டுவது என்று பலர் எண்ணுகிறார்கள். பெட்ரோலை ஊட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. சற்றுப் பெரிய இன்ஜெக்டரும் வலுவான பம்பும் போதும். சிரமமெல்லாம் காற்றில் இருக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். உச்சத் திறன் தேவைப்படும்போது பெட்ரோலைச் சற்று மிகுதியாக்கி, ஒரு பங்குக்கு 12.5 முதல் 13 பங்கு காற்று என்ற அளவில் எரிப்பார்கள். அதற்கு மேலும் பெட்ரோலை ஊற்றினால் அது கரியாகவும் எரியாத ஆவியாகவும் சைலன்சர் வழியே வெளியேறுமே தவிர, சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே எஞ்சினின் திறனைக் கூட்டும் ட்யூனிங் என்ற வேலை முழுவதும் இரண்டு கேள்விகளில் அடங்கிவிடுகிறது: ஒரு வினாடியில் எத்தனை கிராம் காற்றைச் சிலிண்டருக்குள் சேர்க்க முடியும், சேர்த்த காற்றை எஞ்சினுக்குக் கேடு வராமல் எரிக்க முடியுமா. இவற்றில் இரண்டாவதுதான் ஆளைத் திணறவைப்பது.

முதல் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, இரண்டு சுற்றுச் சுற்றும்போது எல்லாச் சிலிண்டர்களும் ஒருமுறை காற்றை நிரப்பிக்கொள்கின்றன. எனவே 1.2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளில் ஓடும்போது, வினாடிக்கு 60 லிட்டர் காற்றுக்கு இடம் தருகிறது. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.15 கிராம். வால்வுகளின் குறுகலான வழியில் அதுவும் முழுமையாக உள்ளே வந்துவிடுவதில்லை. வினாடிக்குச் சுமார் 60 கிராம் வந்து சேர்வதாகக் கொள்வோம். அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4.6 கிராம் பெட்ரோலை எரிக்கலாம். கிலோவுக்கு 43 மெகாஜூல் என்ற கணக்கில் அது ஏறக்குறைய 200 கிலோவாட் வெப்பம். அந்த வெப்பத்தில் 30 சதவீதம் கிராங்கை அடைந்தால் 60 கிலோவாட், அதாவது சுமார் 80 குதிரைத்திறன் கிடைக்கும். நம் சாலைகளில் ஓடும், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் கார்கள் பலவற்றின் திறன் 80 முதல் 90 குதிரைத்திறனுக்குள் இருப்பதன் காரணம் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. இதே கார் ஊட்டிக்கு ஏறும்போது, 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. எஞ்சினில் எதுவும் பழுதாகவில்லை. காற்றின் நிறைதான் குறைந்திருக்கிறது.

டர்போ இல்லாத எஞ்சினில் காற்றைக் கூட்டும் வழிகள் குறைவு, செலவோ அதிகம். காற்று வடிகட்டியையும் சைலன்சரையும் மட்டும் மாற்றினால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் ஓசையில்தான் இருக்கும், ஏனெனில் தயாரிப்பு நிறுவனம் அந்தப் பாதைகளில் விட்டுவைத்திருக்கும் தடை ஏற்கெனவே மிகக் குறைவு. உண்மையான பலன் வேண்டுமானால் சிலிண்டர் ஹெட்டின் காற்றுப் பாதைகளைக் கடைந்து சீராக்கி, வால்வுகளை அதிக உயரத்துக்கும் அதிக நேரத்துக்கும் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்டைப் பொருத்தி, எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழலவிட வேண்டும். அப்படிப்பட்ட கேம்ஷாஃப்ட் குறைந்த வேகத்தில் எஞ்சினை முரடாக ஓடவைக்கும். நகர நெரிசலில் அந்தக் காரை ஓட்டுவது தண்டனை. ஹோண்டா நிறுவனம் 1989இல் வெளியிட்ட 1.6 லிட்டர் விடெக் எஞ்சின் இதற்கு ஒரு கெட்டிக்காரத் தீர்வைக் கண்டது. மெதுவாக ஓடும்போது ஒரு வகைக் கேம் முனை, விரைந்து ஓடும்போது எண்ணெய் அழுத்தத்தால் இணைக்கப்படும் வேறொரு கேம் முனை என இரண்டையும் ஒரே தண்டில் வைத்து, டர்போவின் துணையின்றி 160 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) திறனை எட்டியது. சுழல்வேகத்தைக் கூட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. பிஸ்டனையும், அதைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் இழுக்கும் விசை சுழல்வேகத்தின் இருமடியாக ஏறுவதால், 6,000 சுற்றிலிருந்து 7,500க்குப் போனாலே அந்த இழுவிசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

டர்போ இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக வெளியே போகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளலாம் என்பது சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷியின் யோசனை; 1905இலேயே அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறு கார் டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியவை. காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. 30 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், சாதாரண டர்போவில் அது 125 டிகிரியை நெருங்கிவிடும். சூடான காற்று விரிந்துவிடுவதால் அழுத்தம் இரட்டித்தாலும் நிறை இரட்டிப்பதில்லை. இடையில் இன்டர்கூலர் என்ற குளிர்விப்பானை வைத்து அதை 50 டிகிரிக்குத் தணித்தால், அதே அழுத்தத்தில் 23 சதவீதம் கூடுதல் காற்று கிடைக்கும். மாற்றி அமைக்கப்பட்ட கார்களின் முகப்பில் பெரிய இன்டர்கூலர் பளபளப்பது அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. என் கருத்தில், போட்ட பணத்துக்குச் சரியான பலன் தரும் பாகம் அதுதான்.

இதை ஒரு நிறுவனமே செய்துகாட்டிய உதாரணம் நமக்கு மிகவும் பழக்கமானது. இந்தியாவின் ‘தேசிய எஞ்சின்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின், மாருதி ஸ்விஃப்டில் 75 பிஎஸ் திறனும் எர்டிகாவில் 90 பிஎஸ் திறனும் தந்தது. கொள்ளளவில் ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. 90 பிஎஸ் வடிவத்தில் டர்போவின் புகைப் பக்கத்தில் கோணம் மாறும் இதழ்கள் இருந்தன. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவை வழியைச் சுருக்கிப் புகையின் வேகத்தைக் கூட்டும், விரைந்து ஓடும்போது விரிந்து வழிவிடும். அதற்கேற்ப எரிபொருள் கணக்கும் மாற்றப்பட்டிருந்தது. டீசல் எஞ்சினில் காற்றை மட்டுமே அழுத்திவிட்டுக் கடைசி நொடியில்தான் எரிபொருளைப் பீய்ச்சுகிறார்கள் என்பதால், அதன் எல்லைகள் வேறு: கரும்புகை, புகையின் வெப்பம், சிலிண்டரின் உச்ச அழுத்தம். பெட்ரோல் எஞ்சினுக்கு இவற்றைவிட மோசமான ஓர் எதிரி உண்டு.

மெக்கானிக்குகள் அதை நாக்கிங் என்பார்கள். ஸ்பார்க் பிளக் தீப்பொறி விட்டதும் சிலிண்டருக்குள் வெடிப்பு நிகழ்வதில்லை. புல்வெளியில் தீ பரவுவதுபோல் ஒரு சுடர்முனை பிளக்கிலிருந்து ஓரங்களை நோக்கி நகர்கிறது. அது நகரும்போது எரிந்த பகுதி விரிந்து, ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவையை நெருக்கிச் சூடாக்குகிறது. சுடர் வந்து சேரும்வரை அந்தக் கலவை பொறுத்திருந்தால் எல்லாம் நலம். பொறுக்கமுடியாமல் தானே மொத்தமாகப் பற்றிக்கொண்டால், சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் சுவருக்குச் சுவர் மோதி, உலோகத்தைச் சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழும். அந்த அலைகள் பிஸ்டனின் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கிழித்துவிடுவதால், அலுமினியம் நேரடியாக வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. முதலில் பிஸ்டனின் விளிம்பு பொரியும், பிறகு வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடையும்.

டர்போவால் அதிகக் காற்றைத் திணிப்பதும், தீப்பொறியை முன்கூட்டியே விடுவதும், வெயிலும் நாக்கிங்கை நெருங்கிவரச் செய்கின்றன. தீப்பொறியின் நேரம் இங்கே நுட்பமான விஷயம். 6,000 சுற்றில் ஓடும் கிராங்க் ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் 36 டிகிரி திரும்பிவிடும். சுடர் பரவ நேரம் வேண்டும் என்பதால் பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்பே பொறியை விட வேண்டும்; அழுத்தம் உச்சி தாண்டிப் பத்துப் பதினைந்து டிகிரியில் பெருக வேண்டும். பொறியைத் தாமதித்தால் நாக்கிங் அடங்கும், ஆனால் முறுக்குவிசையும் இறங்கும். வீணாகும் வெப்பம் டர்போவையும், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியையும் சுடும்.

எரிபொருளின் ஆக்டேன் எண் என்பது இந்தப் பொறுமையின் அளவுதான். 1988இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹோண்டா செய்தது இதற்கு மிகச் சிறந்த சான்று. அந்த ஆண்டு டர்போ எஞ்சின்களுக்கு 1.5 லிட்டர் கொள்ளளவும், 2.5 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) உள்ளழுத்தமும், 150 லிட்டர் எரிபொருளும், 102 ஆக்டேனும் உச்ச வரம்புகள். ஹோண்டாவின் பொறியாளர்கள் நாக்கிங்கைக் கடுமையாக எதிர்க்கும் டொலுவீனை 84 சதவீதம் எடுத்துக்கொண்டு, நாக்கிங்குக்கு எளிதில் இடங்கொடுக்கும் ஹெப்டேனை 16 சதவீதம் கலந்து, ஆக்டேன் எண்ணை வரம்புக்குள் கொண்டுவந்தார்கள். டொலுவீன் பெட்ரோலைவிட அடர்த்தியானது என்பதால் ஒரு லிட்டரில் கூடுதல் ஆற்றல் அடங்கும். லிட்டர் கணக்கில் வரம்பு வைத்தவர்களுக்கு இதைவிட நேர்த்தியான பதில் இருக்க முடியாது. அது எளிதில் ஆவியாகாது என்பதால் எரிபொருளை முன்கூட்டியே சூடாக்கினார்கள். 680 குதிரைத்திறனை ஒட்டித் தந்த அந்த எஞ்சினுடன் மெக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15ஐ வென்றது.

சாலைக் காருக்குத் திரும்பினால், இன்று ட்யூனிங் என்பது பெரும்பாலும் ஸ்பேனர் வேலை இல்லை, கணினி வேலை. எஞ்சினை ஆளும் சிறு கணினியான இசியுவின் நினைவகத்தில் சுழல்வேகம் ஒரு பக்கமும் சுமை மறுபக்கமுமாக அமைந்த அட்டவணைகள் இருக்கின்றன: இந்த நிலையில் இவ்வளவு பெட்ரோல், இத்தனை டிகிரி முன்னதாகப் பொறி, டர்போவிலிருந்து இவ்வளவு அழுத்தம் என்று. ரீமேப் செய்பவர் அந்த எண்களைத் திருத்துகிறார். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.8 பார் இருந்ததை 1.1 பாராக்கினால், மொத்த அழுத்தம் 1.8இலிருந்து 2.1 பாராகிறது, காற்று ஆறில் ஒரு பங்கு கூடுகிறது, திறனும் ஏறத்தாழ அவ்வளவே கூடும். ஃபோக்ஸ்வாகனின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் ஐரோப்பாவில் 95 பிஎஸ் வடிவத்திலும், இங்கே விர்டஸில் 115 பிஎஸ் வடிவத்திலும் விற்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், ஓர் எஞ்சின் தாங்கக்கூடியதும் அதனிடம் கேட்கப்படுவதும் வேறு வேறு என்பது விளங்கும். டர்போ இல்லாத காருக்கு இதே ரீமேப் சில குதிரைத்திறனுக்கு மேல் தராது, ஏனெனில் அங்கே கூட்டுவதற்குக் காற்றே இல்லை.

நிறுவனம் விட்டுவைத்த அந்த இடைவெளி கவனக்குறைவால் வந்ததல்ல. தரமற்ற பெட்ரோல், நாற்பது டிகிரி வெயிலில் மலையேற்றம், காலம் கடந்து மாற்றப்படும் எண்ணெய், பத்தாண்டுத் தேய்மானம் என எல்லாவற்றுக்குமான கையிருப்பு அது. ரீமேப் அந்தக் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கிறது. 95 ஆக்டேன் பெட்ரோலுக்கென்று எழுதிய அட்டவணையுடன் ஓடும் காரில் 91 ஆக்டேனை நிரப்பினால், எஞ்சின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும் நாக் சென்சார் 6,000 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வாக்கிலான அதிர்வைக் கேட்டுப் பொறியைத் தாமதப்படுத்தும்; வாங்கிய திறன் அப்படியே திரும்பிப் போய்விடும். சென்சாரால் காப்பாற்ற முடியாத ஒரு நிலையும் உண்டு. சிறிய டர்போ எஞ்சினைக் குறைந்த சுழல்வேகத்தில் உயர் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, எண்ணெய்த் துளியோ கரித்துகளோ பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடலாம். பொறியே காரணமில்லாதபோது அதைத் தாமதித்து என்ன பயன்? நல்ல ட்யூனர் அதனால்தான் 2,000 சுற்றுக்குக் கீழே முறுக்குவிசையை வாரி வழங்கமாட்டார். கூடிய முறுக்குவிசையை அடுத்து வாங்கிக்கொள்ளும் கிளட்சும் கியர்பாக்ஸும் தமக்கென்று எழுதப்பட்ட வரம்பு உடையவை. பல கார்களில் எஞ்சினுக்கு முன்பே வழுக்கத் தொடங்குவது கிளட்ச்தான்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் கார்களின் நிலை வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் ரீமேப் செய்யத் துணிபவர் கேட்டு வாங்கவேண்டியவை இரண்டு. ஒன்று, திறனை அளக்கும் கருவியான டைனோ ஒன்றிலேயே, ஒரே நாளில் எடுத்த முன், பின் வரைகோடுகள். வெப்பநிலையும் திருத்தக் கணக்கும் மாறினால் பத்துக் குதிரைகளை எளிதில் கூட்டியும் குறைத்தும் காட்டிவிடலாம். மற்றொன்று, முழு ஆக்சிலரேட்டரில் நான்காவது கியரில் ஓட்டி எடுத்த பதிவு. அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இசியு எத்தனை டிகிரி பொறியைத் தாமதித்தது என்பது எழுதப்பட்டிருக்கும். திறன் வரைகோடு எவ்வளவு உயரமாக இருந்தாலும், அந்தத் தாமத எண்கள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால் பழைய அட்டவணையைத் திரும்ப ஏற்றச் சொல்லிவிடுவது நல்லது.