தாழையூத்து: கல்லைத் தேடி வந்த ஊர்

திருநெல்வேலியிலிருந்து மதுரை போகும் வழியில், கங்கைகொண்டானுக்கு முன்பே தாழையூத்து வந்துவிடும். 1946-ல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் 1949-ல் தன் முதல் ஆலையை ஓட்டத் தொடங்கியது இங்கேதான். அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புதான் சங்கர் நகர். நிறுவனர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் பெயர் அது.

துறைமுகம் இருக்கும் தூத்துக்குடியை விட்டுவிட்டு ஆலை ஏன் இங்கே வந்தது? கல்லின் எடைதான் காரணம்.

சுண்ணாம்புக் கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சூடு 900 டிகிரியை நெருங்கும்போது அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்துவிடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 44 கிலோ புகைபோக்கி வழியே போய்விடும்; மிஞ்சுவது 56 கிலோ சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுட்ட பழைய காளவாசல்களில் நடந்ததும் இதே வேலைதான். சிமெண்டுக்கு இது போதாது. கல்லோடு களிமண்ணும் சேர்த்து அரைத்த கலவையைச் சுழலும் சூளையில் 1450 டிகிரி வரை ஏற்ற வேண்டும். அப்போது சுண்ணாம்பும் மண்ணிலுள்ள சிலிக்காவும் கூடி, கிளிங்கர் என்ற சாம்பல் நிறக் கட்டிகளாகும். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அதை அரைத்தால் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கல் வேண்டும். காற்றில் போகிற எடைக்கு யார் வண்டிக்கூலி கொடுப்பார்கள்? நிலக்கரி தூரத்திலிருந்து வரலாம், ஆலை கல்லுக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும்.

தாழையூத்துப் பக்கத்துக் கல்லை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் கற்கண்டு போல மினுங்கும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அரியலூர்ப் பக்கத்துக் கல்லில் சிப்பி பார்த்துப் பழகியவர்கள் இதில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அது டைனோசர் காலத்துக் கடலில் படிந்தது. நம் கல் அதைவிட மிகப் பழையது; பூமிக்குள் ஆழத்தில் புதைந்து, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மணிமணியாக மறுபடி படிகமானது. பளிங்கும் இந்த வகைதான். இடையிடையே மக்னீசியம் மிகுந்த கல்லும் வரும், அதை ஒதுக்கியாக வேண்டும். சிமெண்டில் மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) 6 சதவீதத்தைத் தாண்டினால், கட்டி முடித்துப் பல காலம் கழித்து உப்பி விரிசல் விடும்.

பூமி மடித்ததில் இந்தப் படிவுகள் தட்டையாகக் கிடக்காமல் சரிந்து நிற்கின்றன. சரிந்த கல் பட்டையைத் தொடர்ந்து வெட்டினால் குவாரி அகலமாவதைவிட ஆழமாகத்தான் போகும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனபின் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை நின்று மோட்டாரும் நின்றால் ஊற்றும் மழையும் பள்ளத்தை நிரப்பிவிடும். செங்குத்தான கரை, ஏறிவரப் பிடிமானம் இல்லை. பிள்ளைகள் குளிக்க இறங்கும் ஊர்களில் இது உயிர்ப் பிரச்சினை.

கல்லை எடுத்தவர்களே பள்ளத்துக்கும் பொறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2003 முதல் சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற திட்டத்தையும் அதற்கான பண உத்தரவாதத்தையும் சட்டம் கேட்கிறது. அந்த வேலை முதல் நாளே தொடங்க வேண்டியது. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருந்தால்தான் பிறகு வேம்போ புங்கையோ வைக்க முடியும். கழிவுக் கல்லோடு கலந்து கொட்டிவிட்ட மேட்டில் சீமை உடை என்கிற சீமைக் கருவேலம்தான் முளைக்கும்.