உற்சாகக் காணிக்கை: அகமும் முகமும்

போன மாதம் சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், உற்சாகமாய்க் கொடுக்கிறதுன்னா எப்படி? பையில காசு போடுறப்போ சிரிச்சுக்கிட்டே போடணுமா?"

பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொடைக்கானலில் எங்கள் சபையில் ஞாயிறு தவறாமல் காதில் விழும் வசனம் அது. காணிக்கைப் பாட்டு தொடங்கும் முன் ஐயர், அதாவது எங்கள் போதகர், சொல்வார்: "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்." பாட்டு தொடங்கும், சிவப்பு வெல்வெட் பை வரிசை வரிசையாக நகரும், ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து விரல்கள் வெளியே வரும். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை நிறுத்தி வைத்து நான் பார்த்ததே இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன்.

உற்சாகம் வடசொல். மூலத்தில் 'உத்ஸாஹம்'. 'உத்ஸவம்' தமிழில் உற்சவம் ஆனதுபோல இதுவும் உற்சாகம் ஆனது. 'உத்' என்றால் மேல்நோக்கி. 'ஸஹ்' என்ற வேருக்குத் தாங்குதல், பொறுத்தல், இயலுதல் என்று பொருள். அப்படிப் பார்த்தால், எடுத்த காரியத்தைத் தளராமல் தாங்கி முடிக்கும் முனைப்புதான் உற்சாகம். சிரிப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அந்தப் பொருளுக்குச் சரியான தமிழ்ச்சொல் ஊக்கம். ஊக்கமுடைமை என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது.

தமிழுக்கு வந்த பிறகு சொல் நகர்ந்துவிட்டது. "பிள்ளைகள் உற்சாகமாக விளையாடுகிறார்கள்" என்னும்போது சந்தோஷம் முன்னால் வந்துவிடுகிறது. "உற்சாகப்படுத்துங்கள்" என்றால் பக்கத்தில் நின்று தட்டிக்கொடுத்துத் தூண்டிவிடுவது. இந்தத் தூண்டிவிடும் பொருள்தான் காணிக்கை நேரத்தில் நம்மைத் தடுமாற வைக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி மூலத்துக்குப் போவோம். வசனம் 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் 7-ஆவது. கொரிந்து சபைக்கு எழுதிய அந்தக் கடிதத்தில் அப்போஸ்தலர் பவுல் வைத்த கிரேக்கச் சொல் 'ஹிலாரோஸ்'. முகம் தெளிந்து, மலர்ந்து இருக்கிற ஆளைக் குறிக்கும் சொல். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் அது வருகிறது. அதன் பெயர்ச்சொல் வடிவமும் ஒரே ஒருமுறை, ரோமர் 12-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தில் வருகிறது: "இரக்கஞ்செய்கிறவன் உற்சாகத்துடன் செய்யக்கடவன்." கொடுக்கும் இடம் ஒன்று, இரங்கும் இடம் ஒன்று. இரண்டிலும் எதிரே இன்னொரு மனிதர் நிற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆங்கிலத்தில் 'ஹிலாரியஸ்' என்ற சொல் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதை வைத்து, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தச் சிரிப்புப் பொருள் ஆங்கிலத்தில் பிற்காலத்தில் ஏறியது. பவுல் அதை நினைக்கவில்லை. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு ஒரு வரி கூடுதலாக உண்டு: முகமலர்ச்சியுள்ள மனிதனையும் கொடுக்கிறவனையும் கடவுள் ஆசீர்வதிக்கிறார் என்று. எபிரெய மூலத்தில் அது இல்லாததால் நம் வேதாகமத்திலும் இல்லை. பவுலின் மனதில் அந்த வரிதான் ஓடியிருக்க வேண்டும்.

தமிழில் 'உற்சாகமாய்' என்று நாம் வாசிப்பது ஹென்றி பவர் தலைமையில் செய்யப்பட்டு 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. கத்தோலிக்கரும் மற்ற திருச்சபையினரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு இதே இடத்தை இப்படிச் சொல்கிறது: "முகமலர்ச்சியோடு கொடுப்பவரே கடவுளின் அன்புக்கு உரியவர்." முதல்முறை வாசித்தபோது எனக்குள் ஏதோ திறந்ததுபோல இருந்தது. மலர்ச்சி என்பது பூவின் வேலை. யாரும் இதழைப் பிடித்து இழுத்துப் பூவை மலர வைக்க முடியாது.

அப்புறம் பழைய ஏற்பாடு. அங்கே உற்சாகம் வேறொரு வேலை செய்கிறது. உபாகமத்தில் பொருத்தனைகளோடு சேர்த்து 'உற்சாகபலி' சொல்லப்படுகிறது. பொருத்தனை, வாக்குக் கொடுத்துவிட்டதால் செலுத்துவது. உற்சாகபலிக்கு அப்படி ஒரு கட்டு கிடையாது. செலுத்தாவிட்டால் குற்றமும் இல்லை. எபிரெயத்தில் அதன் பெயர் 'நெதாபா'. யாரும் கேட்காமல், தானாக மனம் உவந்து கொடுப்பது. இங்கே பேச்சு முகத்தைப் பற்றியது இல்லை, உள்ளத்தின் விருப்பத்தைப் பற்றியது.

ஆக, எபிரெயத்தில் அகத்தைச் சொல்லும் சொல்லுக்கும் கிரேக்கத்தில் முகத்தைச் சொல்லும் சொல்லுக்கும் நாம் ஒரே உற்சாகத்தைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தமிழில் வழி இல்லையா என்று தேடினால், திருவள்ளுவர் ஒரே குறளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்.

அகனமர்ந்து ஈதலின் நன்றே முகனமர்ந்து
இன்சொலன் ஆகப் பெறின்.

'அகன் அமர்ந்து' என்றால் உள்ளம் உவந்து. 'முகன் அமர்ந்து' என்றால் முகம் மலர்ந்து. நெதாபாவுக்கு முதலாவது, ஹிலாரோஸுக்கு இரண்டாவது என்று அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது. இந்தக் குறளை 92-ஆம் குறள் என்று பள்ளியில் படித்து மதிப்பெண் வாங்கியவள் நான். கோயிலில் வந்து உட்கார்ந்தபோது அதைக் கூட்டி வரவில்லை. கொடுப்பதில் கிடைக்கும் சந்தோஷத்துக்கும் வள்ளுவரிடம் பெயர் உண்டு: ஈத்துவக்கும் இன்பம். ஈந்து, அதனால் உவக்கிற இன்பம். அதை அறியாமல் சேர்த்து வைத்து இழக்கிறார்களே என்று 228-ஆம் குறளில் அவர் உண்மையாகவே வருத்தப்படுகிறார். "வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்ற ஆண்டவரின் வார்த்தை அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்.

காணிக்கை என்ற சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காண் என்ற வேர். பெரியவரைக் காணப் போகும்போது கையில் கொண்டுபோவது. பழைய தமிழில் அதைக் கையுறை என்றும் சொல்வார்கள். அதுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில் பிறந்த சொல் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த மலையில் இருந்துகொண்டு கொடையைப் பற்றிப் பேசுகிறவர் பேகனை விட்டுவிட்டுப் பேச முடியாது. வையாவிக் கோப்பெரும் பேகன், ஆவியர் குலத்தவன். பழனியும் அதன் பின்னால் எழுந்து நிற்கிற இந்த மலைகளும் அவன் நாடு. ஆடிய மயிலைக் குளிரில் நடுங்குவதாக நினைத்துப் போர்வையைக் கொடுத்தான் என்று கதையாகப் படித்திருப்போம். புறநானூற்றின் 141-ஆம் பாட்டில் பரணர் அதற்கு மேலே போகிறார். மயில் உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்கிறார். அவன் கைவண்மை மறுமையை நோக்கியது அன்று, பிறர் வறுமையை நோக்கியது என்கிறார். மார்கழி விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற ஊர் எங்களுடையது. இங்கே ஒரு போர்வையைக் கழற்றிக் கொடுப்பது என்றால் என்னவென்று தோலுக்குத் தெரியும்.

'மறுமை நோக்கின்றோ அன்றே' என்ற அந்தச் சொல்லை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், ஒருமுறை ஒரு சபைக் கூட்டத்தில் காணிக்கை எடுத்த விதம் இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. "உற்சாகமாய்க் கொடுங்கள், நூறு மடங்காய்த் திரும்பி வரும்" என்று மேடையிலிருந்து ஒருவர் மறுபடி மறுபடி கூவினார். தொகையும் பெயரும் மைக்கில் வாசிக்கப்பட்டன. எனக்கு முன்வரிசையில், கேரட் கழுவும் இடத்தில் தினக்கூலிக்குப் போகிற ஒரு அக்கா, முந்தானை முடிச்சை அவிழ்ப்பதும் திரும்ப முடிவதுமாக இருந்தார். கடைசியில் முடிச்சோடு எழுந்து வெளியே போய்விட்டார். அன்று 'உற்சாகம்' என்பது தூண்டிவிடுதல் என்ற பொருளில் மட்டும் நின்றது. அதே வசனத்தின் முன்பாதியை யாரும் வாசிக்கவில்லை: "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்."

பவுல் அதை எழுதிய சூழலே வேறு. எருசலேமில் வறுமைப்பட்ட விசுவாசிகளுக்காகச் சேர்த்த உதவி அது. அதற்கு முன் அதிகாரத்தில் மக்கெதோனியா சபைகளைச் சொல்கிறார்: கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே, சந்தோஷத்தோடு "மிகுந்த உதாரத்துவமாய்க் கொடுத்தார்கள்" என்று. உதாரத்துவம் இன்று யார் வாயிலும் வராத சொல். பிள்ளைகளுக்குத் தாராளம் என்றோ வள்ளன்மை என்றோ சொல்லிக்கொடுக்கலாம். அந்த இடத்துக் கிரேக்கச் சொல்லின் அடிப்பொருள் மடிப்பு இல்லாத, ஒற்றை மனம். அதனால்தான் அதே சொல்லை ரோமர் 12-இல் "வஞ்சனையில்லாமல்" என்று நம் வேதாகமம் பெயர்த்திருக்கிறது. உள்ளே ஒரு கணக்கை மடித்து வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது. நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுவோம். அதற்கு நோட்டு உண்டு, திருப்பிச் செய்ய வேண்டிய கடமையும் உண்டு. அது நல்ல வழக்கம், பல வீடுகளைத் தாங்கிய வழக்கம். காணிக்கை அந்த நோட்டில் ஏறக்கூடாது.

வடமொழிக்காரர்கள் உத்ஸாஹத்தை வீரச்சுவையின் அடிப்படை உணர்வாக வைத்தார்கள். கொடையில் சிறந்தவனையும் ஒரு வகை வீரனாக எண்ணினார்கள். தொல்காப்பியமும் பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் கல்வி, அஞ்சாமை, புகழ் இவற்றோடு கொடையையும் சேர்க்கிறது. எனவே உற்சாகம் என்ற சொல்லைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக மனப்பாடமான சொல், அதற்குள் ஒரு தைரியமும் இருக்கிறது. ஆனால் விளக்கும்போது நெதாபாவுக்கு 'மனமுவந்த காணிக்கை' என்றும், பவுலின் சொல்லுக்கு 'முகமலர்ச்சி' என்றும் பிரித்துச் சொல்வேன். புதிதாக ஒரு பெயர் வேண்டுமென்றால் 'உவகைக் காணிக்கை' நன்றாக இருக்கிறது.

எங்கள் ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு மலைக்கு வந்தவர். அவருக்கு இந்தச் சொல்லாராய்ச்சி ஒன்றும் தெரியாது. உலை கொதிக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். பிடியரிசி. பாட்டில் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் அரிசி குறையும்போது நான் பார்த்திருக்கிறேன், பிடி சின்னதாகும், விரல்கள் இன்னும் கொஞ்சம் மடங்கும். ஆனால் பாட்டிலைத் திறக்காத நாள் கிடையாது. "மனசாரப் போடணும்ட்டி" என்பார். மனசார என்பது அகனமர்ந்துதான் என்று இப்போது தெரிகிறது.

இந்த வருட அறுப்பின் பண்டிகைக்குப் பீடத்தின் முன்னால் பீன்ஸ், உருளைக்கிழங்கு, பேரிக்காய், பட்டர் ஃப்ரூட், மலைவாழைத் தார் எல்லாம் குவிந்திருந்தன. மேல்மலையிலிருந்து வந்த ஒரு பாட்டி தோளில் சாக்குப்பையோடு உள்ளே வந்தார். அதற்குள் இருந்தது மலைப்பூண்டு, தாளோடு பின்னிக் கட்டிய ஒரே கட்டு. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டுப் பாதுகாத்த பூண்டு; வரிசையைக் கடக்கும்போதே புகையும் காரமும் கலந்த வாசனை எங்கள் மேல் வீசியது. விதைக்கு வைத்த கட்டு என்று பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பொருள்களுக்கு ஏலம். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று குரல் ஏறியது. கட்டை எடுத்தவர் கடைவிலையைப்போலப் பல மடங்கு கொடுத்துவிட்டு, மறுபடி ஏலம் போடுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது எடுத்தவரும் அப்படியே. மூன்றாவது எடுத்தவர் கட்டை நேராகக் கொண்டுபோய் அந்தப் பாட்டியின் மடியிலேயே வைத்தார். பாட்டி முதலில் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு ஒரு கொத்தை முறுக்கிப் பிரித்து, பக்கத்தில் வாய் பார்த்துக்கொண்டிருந்த என் சண்டே ஸ்கூல் சிறுமியின் கையில் வைத்தார். "அம்மாகிட்ட குடு, ரசத்துக்கு நல்லாருக்கும்" என்றார்.

அவள் பூண்டைப் பார்க்கவில்லை. பாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.